அடம் பிடிக்கும் பூனைக்கு அன்றாட உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூனை எதையும் சாப்பிடுவதில்லை என்று கவலைப்படும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது உண்மையிலேயே பசியோடு இருக்கிறதா என்பதுதான். கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வளரும் 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 200 கிலோகலோரி மட்டுமே. நன்றாக ஓடியாடும் பூனையாக இருந்தால் 250 வரை போகலாம். காலையில் காப்பி போடும் நேரத்தில் காலைச் சுற்றி வருகிறதே என்று ஊற்றும் 100 மில்லி பாலில், கொழுப்பின் அளவைப் பொறுத்து, 60 முதல் 90 கிலோகலோரி வரை இருக்கிறது. மீன் ஆயும்போது போட்ட இரண்டு துண்டு, மாலையில் பிள்ளைகள் பிதுக்கிக் கொடுத்த கிரீம் தின்பண்டம், இரவு முழுவதும் கிண்ணத்தில் குவிந்து கிடக்கும் உலர் உணவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால், ‘எதையுமே தொடுவதில்லை’ என்று பெயர் வாங்கிய பூனை தன் தேவைக்கு மேலேயே உண்டிருப்பது தெரியவரும். வெளியே போய்வரும் பூனை என்றால் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரே தெருவில் நான்கு வீட்டில் நான்கு பெயரோடு வாழும் பூனைகள் நம் ஊரில் ஏராளம்.

ஆகவே புதிய உணவு எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வார காலத்துக்குப் பூனையின் வாய்க்குள் போகும் அனைத்தையும் ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் குறிக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் மறைத்துக் கொடுப்பவர் ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். உலர் உணவைக் கைப்பிடி, கரண்டி என்று அளக்காமல் சமையலறைத் தராசில் கிராமாக நிறுத்துக்கொள்வது நல்லது. உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி வரை கொண்டது என்பதால், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் ஒரு கைப்பிடி கூட நாள் தேவையில் பெரும்பங்காகிவிடும். பூனையின் எடையை அறிய, அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பிறகு நம் எடையை மட்டும் பார்த்துக் கழித்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்து வரும் எடைதான், பூனையின் முகபாவத்தைவிட நம்பத்தகுந்த சான்று. எடை நிலையாக இருந்து, விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்க்கையில் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிந்தால், அந்தப் பூனை பட்டினி கிடக்கவில்லை.

பிடிவாதமா, நோயா?

சிறு வயது முதல் ஒரே மாதிரி அடம் பிடிக்கும் பூனை வேறு. நேற்று வரை தட்டை நக்கித் துடைத்துவிட்டு இன்று திடீரென்று முகம் திருப்பும் பூனை வேறு. இரண்டாவது வகையைச் சுவைப் பிரச்சினையாகக் கருதிப் புதுப்புதுப் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும். உணவுத் தட்டை நோக்கி ஆவலோடு வந்து, ஒரு வாய் எடுத்ததும் பின்வாங்கினாலோ, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றாலோ, உருண்டைகளை வாயிலிருந்து நழுவவிட்டாலோ, எச்சில் ஒழுகினாலோ, பல்லிலோ ஈறிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. சளி பிடித்து மூக்கடைத்த பூனை உணவை முகர முடியாததாலேயே மறுத்துவிடும். வயதான பூனை உண்பதைக் குறைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடிக்கத் தொடங்கினால், சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

‘இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும்’ என்ற அறிவுரை நாயைக் குறித்துச் சொல்லப்பட்டால் ஒருவேளை பொருந்தலாம்; பூனைக்கு அது ஆபத்தானது. உணவு நின்றுபோனால் பூனையின் உடல் தன் கொழுப்பை விரைவாகக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது, கல்லீரலால் அதைக் கையாள முடியாமல் கொழுப்பு அங்கேயே படிகிறது, அதன் பிறகு பூனைக்குப் பசியே எடுப்பதில்லை. குண்டான பூனைக்குத்தான் இந்த அபாயம் மிகுதி என்பதால், கொழுத்த பூனை சில நாள் உண்ணாவிட்டால் என்ன என்று நினைப்பது முற்றிலும் தலைகீழான கணக்கு. வளர்ந்த பூனை முழுதாக 24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கடுவன் பூனை மண் தட்டில் (மலசலம் கழிக்க மண் நிரப்பிவைக்கும் தட்டு) அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், இரவு எந்நேரமானாலும் அது அவசரச் சிகிச்சைக்குரியது. அருகில் தனியார் மருத்துவமனை இல்லாதவர்களுக்கு மாவட்டத்தின் அரசு கால்நடை மருத்துவமனைகளும், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கின்றன.

முழு உணவு என்றால் என்ன?

நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் உணவைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்குகிறது. இதில் நான் உறுதியாக நம்பும் நடைமுறை ஒன்று உண்டு: எந்தெந்த உணவுகள் வீட்டுக்குள் வரலாம் என்பதை நாம் சத்தின் அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும், அவற்றில் எதை உண்பது என்பதைப் பூனையின் விருப்பத்துக்கு விட வேண்டும். இந்த வரிசை மாறி, பூனை உண்பதையெல்லாம் அதற்கு ஏற்ற உணவு என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள அதனால் இயலாது. காரட்டிலும் கீரையிலும் உள்ள நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் இயலாது. இவற்றோடு அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பையும் விலங்கு உணவிலிருந்து நேரடியாகவே பெற்றாக வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். கடைகளில் விற்ற பூனை உணவைத் தின்று வந்த பூனைகளிடமே இந்த இதய நோய் காணப்படுவதையும், டாரின் சேர்த்தால் அது குணமடைவதையும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டனர். அதன் பிறகே நிறுவனங்கள் தங்கள் உணவுகளில் டாரின் அளவை உயர்த்தின. நாய் உணவைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே முதன்மையான காரணம்: நாய்க்கு அந்த அளவு டாரின் உணவிலிருந்து தேவைப்படுவதில்லை என்பதால் அதில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதும் இல்லை.

பாக்கெட்டை வாங்கும்போது முன்பக்கத்துச் சால்மன் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று எழுதி, எந்த வயதுக்குரியது என்றும் குறிப்பிட்டிருந்தால் அதுவே முழு உணவு, அதை அன்றாட உணவாகக் கொடுக்கலாம். ‘காம்ப்ளிமெண்டரி’, ‘ட்ரீட்’, ‘ஸ்நாக்’ என்று இருந்தால் அது தொடுகறிதான். பிதுக்கிக் கொடுக்கும் கிரீம் வகைகளும், வெறும் சூரை மீன் துண்டுகளைச் சாற்றில் மிதக்கவிட்ட டப்பாக்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அடம் பிடிக்கும் பூனைகள் மிக விரும்பி உண்பவையும் இவையே என்பதால் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். தொடுகறிகள் எல்லாம் சேர்ந்து நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது நம் 4 கிலோ பூனைக்கு 20 கிலோகலோரிக்கு மேல், போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பாக்கெட்டுகளின் புரத அளவை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஈர உணவில் 9 விழுக்காடு புரதமும் 84 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிறது என்றால், நீரை நீக்கிய மீதி 16 பங்கில் 9 பங்கு புரதம். அதாவது 56 விழுக்காடு. உலர் உணவில் 30 விழுக்காடு புரதமும் 12 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 88இல் 30 பங்கு, ஏறத்தாழ 34 விழுக்காடு. பார்வைக்கு மூன்று மடங்கு குறைவாகத் தெரிந்த ஈர உணவில்தான் புரதம் செறிவாக இருக்கிறது. வளர்ந்த பூனைகளின் உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 26 விழுக்காடும், குட்டிகளின் உணவில் 30 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நெறிமுறை. ‘வித் டூனா’ என்பது போன்ற பெயருக்கு அதே நெறிமுறைப்படி 3 விழுக்காடு சூரை மீன் இருந்தாலே போதும் என்பதையும் அறிந்துகொண்டால், பெயரைப் பார்த்து மயங்கும் பழக்கம் குறைந்துவிடும்.

விஸ்காஸ், மீ-ஓ, ராயல் கேனின் எதுவாக இருந்தாலும், குட்டிக்கு 12 மாதம் வரை குட்டிகளுக்குரிய உணவு, அதன் பிறகு வளர்ந்த பூனைகளுக்குரியது என்பது பொதுவான வழக்கம். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக எடை போட்டு விற்கிறார்கள். விலை குறைவு என்றாலும் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காலாவதி நாள் தெரியாது, உறை இல்லாததால் என்ன உணவு என்பதற்கும் சான்று இல்லை, காற்றுப்பட்ட கொழுப்பு நம் கடலோர ஈரப்பதத்தில் விரைவில் காறல் எடுத்துவிடும். மனிதர் மூக்குக்குத் தெரியாத அந்தக் காறல் வாடை பூனைக்கு நன்றாகவே தெரியும். வீட்டிலும் சிறிய பாக்கெட்டாக வாங்கி, உறையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைப்பதே நல்லது.

தயிர்சாதம், மீன், ஈரல்

நம் வீடுகளில் பூனை உணவு என்றால் பால்சோறு, தயிர்சாதம், மீன் தலை, கருவாடு என்பதே பல தலைமுறை வழக்கம். அந்தக் காலத்துப் பூனை அவற்றைத் தின்றுதான் வாழ்ந்தது என்று சொல்பவர்கள், அது எலியும் அணிலும் பல்லியும் பிடித்துத் தன் சத்துக் குறையைத் தானே தீர்த்துக்கொண்டதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது மாடி அடுக்ககத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வளரும் பூனைக்கு அந்த வழி இல்லை. பால் குடிக்கும் பருவம் தாண்டிய பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கும் உண்டாகிறது. இனிப்புச் சுவையை உணரும் மரபணு பூனைகளிடம் செயலிழந்து போயிருப்பது 2005இல் கண்டறியப்பட்டது. பாலில் பூனையைக் கவர்வது கொழுப்பும் மணமுமே தவிர இனிப்பு அல்ல.

மீன் மட்டுமே உண்பேன் என்று நிற்கும் பூனைகள் கடலோர ஊர்களில் மிகுதி. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்து வந்தால், அவற்றில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடுகிறது. அந்தக் குறை முற்றிய பூனை முதலில் பசியை இழந்து, பிறகு தள்ளாடி, தலையை மார்போடு கவிழ்த்துக்கொள்ளும். வேகவைத்தால் இந்த நொதி செயலிழக்கும். ஆனால் வேகவைத்த மீனும் முழு உணவு ஆகாது. கொழுப்பு மிகுந்த மீனை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் ஈ பற்றாமல், தோலடிக் கொழுப்பு வீங்கித் தொட்டாலே வலிக்கும் நோய் வரலாம். கருவாட்டில் உள்ள உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஈரல் இன்னொரு கண்ணி: பூனை அதற்கு எளிதில் அடிமையாகிவிடும், கடைக்காரரும் மலிவாகத் தருவார். நாள்தோறும் ஈரலே உணவானால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிப்போய், குனிந்து தன் உடலை நக்கிக்கொள்ளக்கூட முடியாத நிலை வரும். வாரம் ஒருமுறை சுண்டுவிரல் அளவுத் துண்டு கொடுப்பதில் தவறில்லை.

எலும்பு நீக்கிய கோழிக்கறியை அவித்துப் போடுகிறோமே, அது ஊன் உணவுதானே என்று கேட்கலாம். தசைக் கறியில் பாஸ்பரஸ் ஏராளமாகவும் கால்சியம் மிகச் சொற்பமாகவும் இருக்கிறது. அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்த எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கட்டிலிலிருந்து குதித்தாலே கால் ஒடியும் குட்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. வீட்டுச் சமையலே வேண்டும் என்பவர்கள், கால்சியமும் டாரினும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பூனையின் எடைக்கு ஏற்பக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதை அளவு பிசகாமல் பின்பற்ற வேண்டும். டாரின் நீரில் கரைந்துவிடும் என்பதால் கறி வெந்த நீரை வடித்துக் கொட்டிவிடாமல் கறியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதைக் கொடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும், குழம்பின் சாறாகக்கூட, கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மீன்குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போட்ட துண்டும் இந்த விதிக்கு உட்பட்டதே.

சைவ வீடுகளுக்கு ஒரு சொல். பூனையின் மீது பாசமும், சமையலறைக்குள் கறி நுழையக் கூடாது என்ற நியமமும் ஒருசேர இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அவித்த முட்டையும் பாலும் போதும் என்று அங்கே சமாதானம் சொல்லிக்கொள்வதைக் காண்கிறேன். முட்டையில் நல்ல புரதம் இருக்கிறதே ஒழிய, டாரின் ஏறக்குறைய இல்லை. இத்தகைய வீடுகளுக்குப் பாக்கெட் உணவே சரியான வழி: பூனைக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி, பால்கனியில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் சமையலறைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

ஈர உணவும் உலர் உணவும்

பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்தில் வாழ்ந்து, இரையின் உடலிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்றது. அதனால் வீட்டுப் பூனைக்கும் தாகம் மந்தமாகவே எடுக்கிறது. 4 கிலோ பூனைக்கு உணவு வழியாகவும் நேரடியாகவும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் வேண்டும். 50 கிராம் உலர் உணவில் 5 மில்லி நீர்தான் இருக்கிறது. 80 கிராம் ஈர உணவுப் பவுச் ஒன்றில் 65 மில்லி அளவுக்கு இருக்கிறது. கோடையில், அதிலும் சிறுநீர்த் தொல்லை வந்து குணமான கடுவன் பூனைக்கு, இந்த வேறுபாடு மிகவும் பொருட்படுத்தத்தக்கது.

ஈர உணவை மட்டுமே கொடுப்பதற்குச் செலவு மிகுதி என்பதை மறுக்க முடியாது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகக்கூடிய ஏற்பாடு, காலையில் ஒரு பவுச், மாலையில் ஒரு பவுச், அவற்றோடு இரவுக்கு 20 கிராம் உலர் உணவு என்பது. பவுச் ஒன்று பெரும்பாலும் 60 முதல் 70 கிலோகலோரி, உலர் உணவு ஏறத்தாழ 75 என்று கொண்டால் மொத்தம் 200ஐ ஒட்டி வந்துவிடும். அதுவும் இயலாதவர்கள் ஒரு பவுச்சும் 35 கிராம் உலர் உணவும் கொடுக்கலாம். உலர் உணவை மட்டுமே ஏற்கும் பூனையாக இருந்தால், அதில் வெதுவெதுப்பான நீரைத் தெளித்துப் பார்க்கலாம். வீட்டின் இரண்டு மூன்று இடங்களில், உணவுத் தட்டிலிருந்து விலகி, அகன்ற கிண்ணங்களில் தண்ணீர் வைத்தால் குடிக்கும் அளவும் கூடும்.

பூனை உண்மையில் எதை மறுக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பாக்கெட்டை மாற்றிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பூனை தட்டருகே வந்தது முதல் என்ன செய்கிறது என்று பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். முகர்ந்துவிட்டு, மலத்தை மண்ணால் மூடுவதுபோல் தட்டுக்குப் பக்கத்துத் தரையை முன்காலால் பிறாண்டிவிட்டுப் போனால், மணம் பிடிக்கவில்லை அல்லது இப்போது பசி இல்லை. குழம்பை மட்டும் நக்கி எடுத்து, ஈரம் போன துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் விட்டுவிட்டால், சுவை பிடித்திருக்கிறது, துண்டின் பதம்தான் பிடிக்கவில்லை. அதே பவுச்சை முள்கரண்டியால் கூழாக மசித்து, ஒரு தேக்கரண்டி வெந்நீர் கலந்து கொடுத்தால் முழுவதும் உண்டுவிடும். உலர் உணவின் உருண்டை வடிவத்தை மறுத்து முக்கோண வடிவத்தை ஏற்கும் பூனைகளும் இருக்கின்றன. குட்டிப் பருவத்தில் பழகிய பதத்தையே வளர்ந்த பிறகும் தேடுவது பூனையின் இயல்பு என்பதால், குட்டி வளர்ப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் கூழ், துண்டு, உலர் உணவு மூன்றையும் அறிமுகப்படுத்திவிட்டால் பிற்காலத்தில் இந்த அளவு திண்டாட வேண்டியிருக்காது.

அடுத்தது சூடு. அப்போதுதான் பிடித்த இரையின் உடல்சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டியது. உணவும் அந்த அளவு இளஞ்சூடாக இருக்கையில் மணம் எழும்பிப் பூனையை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாதிப் பவுச்சை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, பூனைக்குத் திமிர் என்று சொல்வது நியாயமாகாது. மீந்த உணவை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கொடுக்கும் முன் அந்த டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் நிறுத்தி, நன்கு கிளறி, புறங்கையில் தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

தட்டும் இடமும் நாம் நினைப்பதைவிட முக்கியமானவை. பழைய மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிண்ணத்தைவிட, விளிம்பு தாழ்ந்த பீங்கான் அல்லது எவர்சில்வர் தட்டு மேல். எலுமிச்சை மணமுள்ள பாத்திரச் சோப்பின் வாடை தட்டில் தங்கியிருந்தாலே சில பூனைகள் தொடுவதில்லை. மண் தட்டுக்கு அருகிலும், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும், வீட்டிலுள்ள வேறொரு பூனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலும் வைத்தால் பூனை பதற்றத்தோடு இரண்டு வாய் உண்டுவிட்டு ஓடிவிடும். தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்த உடனே அங்கே உணவு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த வாடை பசியைக் கெடுப்பதோடு, ஃபீனால் கலந்த துடைப்பான்கள் பூனைக்கு நஞ்சும் ஆகும்.

எறும்பைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பூனை உணவை மறுப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான். இரண்டு எறும்பு ஊர்ந்தாலும் பல பூனைகள் அந்தத் தட்டை ஒதுக்கிவிடும். அகலமான ஒரு தட்டில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே உணவுத் தட்டை ஒரு சிறு கிண்ணத்தின் மீது வைத்துவிட்டால் எறும்பு அண்டாது. எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவது மட்டும் கூடாது. அதில் உள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி பூனையின் உடலுக்கு ஒவ்வாத நஞ்சு, பாதத்தில் ஒட்டியதை அது நக்கி விழுங்கிவிடும்.

மாற்றும் முறை

ஏற்கெனவே உண்ணும் உணவோடு புதியதை முதல் நாளே கலந்துவிடுவது அடம் பிடிக்கும் பூனையிடம் எடுபடாது. சந்தேகம் வந்துவிட்டால் பழைய உணவையும் சேர்த்து வெறுத்துவிடும். முதல் சில நாட்களுக்கு வழக்கமான உணவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு சிறு தட்டில் புதியதை ஒரு தேக்கரண்டி மட்டும் வைக்க வேண்டும். பூனை அதை முகர்ந்துவிட்டுப் போனால்கூட அது முன்னேற்றம்தான். நக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகே பழைய உணவில் பத்தில் ஒரு பங்கு கலந்து, ஏற்றுக்கொண்ட அளவில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, பிறகு கூட்டலாம். சாதாரணப் பூனைக்கு ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும் இந்த மாற்றம், பிடிவாதக்காரப் பூனைக்கு ஒன்றரை மாதம் வரைகூட நீளலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் அவித்த கோழியின் சாறு ஒரு கரண்டி, அல்லது வழக்கமான உலர் உணவைப் பொடித்து மேலே தூவியது, இந்த இடைக்காலத்தைக் கடக்கப் பெரிதும் உதவும். பிறகு அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கிண்ணத்தை எப்போதும் நிரப்பிவைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நாளுக்கு நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் சிறிதளவு என்று வைத்துக்கொண்டால் பசிக்கு ஓர் ஒழுங்கு வரும். ஈர உணவை அரை மணி நேரம் வைத்திருந்து எடுத்துவிட வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் அதற்கு மேல் வைத்திருப்பது பாதுகாப்பும் அல்ல. எடுத்த பிறகு அடுத்த வேளை வரை வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. பூனை முகம் திருப்பிய மறுநிமிடமே இன்னும் சுவையான ஒன்றைப் பிரித்துவைத்தால், மறுத்தால் நல்லது கிடைக்கும் என்ற பாடத்தை அது ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அதே வேளையில் 24 மணி நேர எல்லையையும், எடையையும் மறந்துவிடக் கூடாது: மாற்றத்தின் நடுவே 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்துவிட்டால், பழைய உணவுக்கே திரும்பிவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மாத்திரையை அன்றாட உணவில் ஒளித்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். கசப்பை ஒருமுறை கண்டுபிடித்த பூனை அந்த உணவையே பல மாதம் தொடாமல் இருக்கக்கூடும். குமட்டலோடு இருக்கும் நாளில் கொடுத்த உணவையும் அது அந்தக் குமட்டலோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், உடல்நலம் இல்லாதபோது புதிய உணவு எதையும் அறிமுகப்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஒரு முழு உணவு நிலைபெற்றுவிட்டால் அதோடு நின்றுவிடாமல், வேறு நிறுவனத்தின், முடிந்தால் வேறு பதத்தில் உள்ள இரண்டாவது முழு உணவு ஒன்றையும் வாரத்தில் இரண்டு வேளை கொடுத்துப் பழக்கிவைக்க வேண்டும். ஒரே சுவையில் ஊறிப்போன பூனைக்கு, அந்தச் சுவை கடையில் கிடைக்காத வாரம் பட்டினி வாரமாகிவிடும். நிறுவனங்கள் செய்முறையைச் சொல்லாமல் மாற்றிவிடுவதும் உண்டு. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாரிடம் இந்த இரண்டு உணவுகளையும், வேளைக்கு எத்தனை கிராம் என்று டப்பாவின் மூடியில் ஒட்டிய குறிப்போடும், மருத்துவரின் தொலைபேசி எண்ணோடும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். புதிய வகை எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும்.